பாவையின் மணிக்கட்டில் ஒரு கம்பி

(உடுப்பிட்டியில் ஆசிரியர்களும் நாடகப் பயிற்சியாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யும் பாவைகளைப் பார்க்கக் கிடைக்கும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். முகத்துக்கு என்ன பாடுபடுகிறார்கள்! கடதாசியை ஊறவைத்துக் கூழாக்கி, மூக்கை நிமிர்த்தி, புருவம் எழுதி, தலைமயிர் ஒட்டி, காதுக்குத் தோடும் போட்டுவிடுகிறார்கள். கைக்கு வரும்போது பொறுமை முடிந்து போகிறது. இரண்டு சீலைக் குழாயில் பஞ்சை அடைத்துத் தோளில் தைத்து, நுனியில் ஒரு தடியை இறுக்கிக் கட்டிவிட்டால் வேலை சரி. நாடகம் தொடங்கியதும் அந்தப் பாவை, அது சீதையோ நரியோ, சந்தியில் நின்று வாகனம் மறிக்கும் பொலிஸ்காரரைப்போல நீட்டிய கையோடு நிற்கும்.

இன்றைய பேச்சு அந்தக் கையைப் பற்றியது. இன்னும் குறுக்கிச் சொன்னால், கம்பி கையைத் தொடுகிற அந்த அரை அங்குல இடத்தைப் பற்றியது.

கூத்து நமக்குப் புதிதில்லை. வடமராட்சியில் காத்தவராயன் கூத்தை விடிய விடிய இருந்து பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மயான காண்டத்தையே எடுத்துக்கொள்வோம். சந்திரமதியை வெட்ட அரிச்சந்திரன் வாளை ஓங்குகிறான். ஓங்கிய கை நிற்கிறது. சனம் வாளின் வீச்சையா பார்க்கிறது? அந்தக் கை மேலே நிற்கும் நேரத்தைத்தான் பார்க்கிறது. நடிகனுக்கு அது தசை செய்யும் வேலை. மரத்தால் செய்த அரிச்சந்திரனுக்கு அந்த நிறுத்தத்தை யார் கொடுப்பது?

நூலைக் கேட்டுப் பாருங்கள். நூலுக்குத் தெரிந்தது ஒரே வேலை, இழுப்பது. கையைத் தூக்கும், தளர்த்தினால் கை தன் பாரத்தில் விழும். தூக்கிப் பிடித்தாலும் நூலின் நுனியில் கை ஆடிக்கொண்டே இருக்கும். கம்பி இழுக்கும், தள்ளும், பக்கத்துக்கு ஒதுக்கும். கொண்டுபோய் வைத்த இடத்தில் வைத்தபடி நிறுத்தவும் செய்யும். பாவைக்குக் கம்பி பூட்டுவது கையை அசைக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு வேலை தொடங்குகிறோம். கையை நிறுத்தத்தான் பூட்டுகிறோம் என்று நினைத்துத் தொடங்கினால், கம்பியின் தடிப்பு, நீளம், கட்டு எல்லாவற்றிலும் நம் முடிவு மாறிவிடும்.

திருக்குறளில் மரப்பாவை இரண்டு இடங்களில் வருகிறது: நாணுடைமை அதிகாரத்தில் ஒன்று, இரவு அதிகாரத்தில் ஒன்று. முதலாவதில் பாவையை இயக்குவது கயிறு. கம்பியைப் பற்றிய பேச்சு இரண்டிலும் இல்லை. நம் இலங்கையின் தெற்கிலும் கயிறுதான். அம்பலாங்கொடை, பலப்பிட்டி, மிரிஸ்ஸ என்று கரையோர ஊர்களில் கம்வாரி குடும்பங்கள் வழிவழியாக ஆட்டிவரும் ரூகட நாட்டியத்தை 2018-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதுவும் நூற்பாவைதான்.

கும்பகோணத்தில் கதை வேறு. தமிழ்நாட்டுப் பொம்மலாட்டம் நூலையும் கம்பியையும் ஒரே உடம்பில் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தப் பாவைகளைக் கையில் தூக்கிப் பார்த்தால்தான் காரணம் விளங்கும். நாலரை அடி உயரம் வரை இருக்கும். ஒன்று பத்துக் கிலோவை எட்டும். இந்தியப் பாவைகளிலேயே மிகப் பெரியவையும் பாரமானவையும் இவைதாம். இவ்வளவு பாரத்தை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு யாரால் விடியும்வரை ஆட்ட முடியும்? அதனால் பாவையின் தலையிலிருந்தும் உடம்பிலிருந்தும் வரும் கயிறுகளை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தை ஆட்டுபவர் தன் தலையில் முடிபோல வைத்துக்கொள்கிறார். அவர் தலையை அசைத்தால் பாவை அசையும். அவருடைய இரண்டு கைகளும் இப்போது சும்மா இருக்கின்றன அல்லவா? அவற்றில் கைக்கொரு இரும்புக் கம்பி. கம்பியின் மறுமுனை பாவையின் கைகளில். பாரம் தலைக்கு, நடிப்புக் கைக்கு என்று வேலையைப் பிரித்துவிட்டார்கள். காலில் சலங்கையையும் அவரே கட்டிக்கொள்வார். திரைக்கு முன்னால் பாவை ஆடும். சலங்கைச் சத்தம் திரைக்குப் பின்னாலிருந்து வரும். இரண்டும் பொருந்திப் போகும்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். கைகளையும் கயிறு கட்டி அதே வளையத்தில் தொங்கவிட்டிருந்தால் ஆட்டுபவர் தலையசைக்கும் ஒவ்வொரு தடவையும் பாவையின் கைகள் கேளாமலே துள்ளும். அரசன் அழும்போது கை கூத்தாடும். கம்பி அந்தத் தொடர்பை அறுத்துவிடுகிறது. உடம்பு ஒரு பக்கம் ஆட, கை அதன்பாட்டில் நெஞ்சில் நிற்கலாம். கும்பகோணம் ஸ்ரீ முருகன் சங்கீத பொம்மலாட்ட சபா போன்ற குழுக்கள் அரிச்சந்திரா, வள்ளி திருமணம் என்று முழுநீள நாடகத்தையே மரத்தால் நடத்திக் காட்டுவதற்கு இந்தப் பிரிவினைதான் கைகொடுக்கிறது.

அந்தப் பாவைகளைச் செதுக்குவது கல்யாண முருங்கை மரத்தில். பெயரைக் கேட்டு எங்கேயோ கிடைக்கும் மரம் என்று நினைக்க வேண்டாம். கலியாண வீட்டில் கன்னிக்காலாக நடுகிறோமே, வேலியில் கிளுவையோடும் பூவரசோடும் நிற்கிறதே, அந்த முள்முருக்குத்தான். காய்ந்தால் பாரமில்லை, கத்திக்கு இளகும். உடுப்பிட்டியில் பாவை செய்ய மரம் தேடிப் போக வேண்டியதில்லை. மதில் கட்டுகிற அவசரத்தில் வேலியை அழிக்காமல் இருந்தால் போதும்.

மேலிருந்து கம்பி வருவது தமிழருக்கு மட்டும் உரிய வித்தை என்று பெருமைப்பட்டுவிடாதீர்கள். இத்தாலியில் சிசிலித் தீவின் வீரர் பாவைகளுக்கும் தலையில் ஒரு கம்பி, வாள் பிடித்த வலக்கையில் ஒரு கம்பி, இரண்டும் மேலிருந்தே. பாரமான பாவை, வாள் சண்டை, மேலிருந்து கம்பி: ஒருவரை ஒருவர் பாராமலே இரண்டு ஊரும் ஒரே விடைக்கு வந்திருக்கின்றன என்றுதான் எனக்குப் படுகிறது.

கீழிருந்து கம்பி வரும் மரபை யாவாவில் பார்க்கலாம். அங்கே வயாங் கோலெக் என்ற மரப்பாவையில் நடுத்தடி உடம்பின் ஊடாகப் போய்த் தலையில் முடியும். தடியைத் திருப்பினால் தலை திரும்பும். தோளிலும் முழங்கையிலும் கை மடங்கும். இரண்டு கையிலும் மெல்லிய கம்பு. ஆட்டுபவர், அவர்கள் மொழியில் டாலாங், இடக்கையில் நடுத்தடியையும் வலக்கையில் இரண்டு கைக்கம்புகளையும் பிடித்துக்கொள்கிறார். தோலில் செய்த வயாங் கூலித்திலும் கைக்கம்பு உள்ளங்கையில் நூலால்தான் கோர்க்கப்பட்டிருக்கும், தளர்வாக. இந்தத் தளர்வை மனதில் வைத்திருங்கள், திரும்ப வருவேன்.

1911-ஆம் ஆண்டளவில் வியன்னா ஓவியர் ரிச்சர்ட் டெஷ்னர் இந்த யாவாப் பாவைகளைக் கண்டு அந்த முறையிலேயே தன் பாவைகளைச் செய்யத் தொடங்கினார். மொஸ்கோவில் 1931-இல் தொடங்கிய மத்திய பாவை அரங்கில் செர்கேய் ஒப்ராஸ்த்சோவ் கம்பிப் பாவையைப் பெரிய மேடைக் கலையாக்கினார். அவரிடம் போய்ப் படித்துவந்த சுரேஷ் தத்தா 1973-இல் கல்கத்தா பாவை அரங்கை நிறுவினார். அவர் பிறந்த வங்காளத்தின் கிராமங்களில் ஏற்கெனவே கம்புப் பாவை இருந்தது! இடுப்பில் மூங்கில் குழை கட்டி, அதில் பாவையின் தடியை ஊன்றி ஆடுவார்கள். வீட்டுக் கொல்லையில் இருந்ததை மொஸ்கோ வழியாகக் கண்டுகொள்வது நமக்கும் நடக்கிற காரியம்தான்.

யப்பானின் புன்ராக்கு பாவையைப் பற்றி ஒரு சொல். 1734 முதல் ஒரு பாவைக்கு மூன்று பேர். தலையும் வலக்கையும் தலைமை ஆட்டக்காரருக்கு, இடக்கை இரண்டாமவருக்கு, கால்கள் மூன்றாமவருக்கு. அந்த இடக்கைக்கு மட்டும் ஒரு கட்டுப்பாட்டுத் தடி உண்டு. இடக்கையை மட்டும் ஆட்டப் பழகுவதற்கு வருடக்கணக்கில் செலவிடுகிறார்கள். நம் பிள்ளைக்கு நாம் ஒரு கிழமையில் இரண்டு கையையும் கொடுத்து ஆட்டச் சொல்கிறோம்.

இதை வைத்து முதல் ஆலோசனை: ஒரு கைக்கு மட்டும் கம்பி பூட்டுங்கள். மற்றக் கையை இடுப்பில் தைத்துவிடலாம், கைத்தடியைப் பிடிக்க வைக்கலாம், சீலைத் தலைப்பைப் பிடிக்க வைக்கலாம். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பராமாயணத்தைத் தமிழிலேயே பாடி நடத்தும் தோல்பாவைக்கூத்தில் பெரும்பாலான பாத்திரங்களுக்கு ஒரு கைதான் அசையும். அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு இராமனும் இராவணனும் இரவிரவாக வாதாடுகிறார்கள். நம் முருகன் கோயில்களில் சூரன் போரைப் பாருங்கள்: சூரனுக்குத் தலை மாறும், உடம்பு முன்னும் பின்னும் பாயும், கை பெரும்பாலும் அசையாது, ஆனால் ஒரு குழந்தையும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. இரண்டு கையும் ஆடினால்தான் பாவை என்பது செய்பவரின் ஆசை.

இனி வேலைக்கு வருவோம். கம்பிக்கு என்ன எடுப்பது? கட்டுக்கம்பி வேண்டாம்; கை பட்டதும் வளையும். ஈர்க்கு சிறு கடதாசிப் பாவைக்கு மட்டும். சைக்கிள் சில்லுக் கம்பி நல்ல விறைப்பு, இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு, ஏறக்குறைய ஓரடி நீளம். குடைக்கம்பி ஏறக்குறைய இரண்டடி வரும், பாரமில்லை, பள்ளமாக மடித்திருப்பதால் வளையாது. போரின்போது இங்கே பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனத்துக்குக் கம்பி எங்கே கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நீளத்தைக் கண்ணால் மட்டுப்பிடிக்காதீர்கள், அளந்து எடுங்கள். பாவையின் கையை உச்சிக்கு மேல் முழுவதாகத் தூக்குங்கள். மணிக்கட்டிலிருந்து திரையின் விளிம்பு வரை ஒரு அளவு. அதற்குக் கீழே பிடி வர வேண்டும். திரைக்கு மேல் ஒன்றரை அடி தெரிகிற பாவைக்கு ஓங்கிய மணிக்கட்டு இரண்டடிக்குப் போகும். பிடியோடு இரண்டரை அடியாவது வேண்டும். அங்கே குடைக்கம்பிதான் சரி. முக்கால் அடிக்கு உட்பட்ட சிறு பாவைக்குச் சில்லுக் கம்பி போதும். கம்பி கட்டையாகிப் போனால் வாளை ஓங்கும் நேரத்தில் ஆட்டுபவரின் முழங்கை திரைக்கு மேல் வந்து அவரும் ஒரு பாத்திரமாகிவிடுவார்.

கம்பிக்கு முன் முழங்கை. முழங்கை சரியில்லாத கைக்கு எந்தக் கம்பி பூட்டியும் பயனில்லை. சீலைக் கையென்றால் முழங்கையில் ஒரு விரல் அகலம் பஞ்சில்லாமல் விட்டு, இருபுறமும் குறுக்கே தையுங்கள். மரக் கையென்றால் இரண்டு துண்டையும் ஒரு தோல் வாரால் இணையுங்கள். வார் முழங்கையின் உட்பக்கம் இருக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் இரண்டு மர முனையும் முட்டிக்கொள்ள வேண்டும். அப்போது கை முன்னுக்கு மடங்கும், பின்னுக்கு மடங்காது. வாரை வெளிப்பக்கம் ஒட்டினால் முழங்கை பின்னால் மடங்கி, பார்க்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள், கோமாளிக்கென்றால் அதுவும் நல்லதுதான்.

இப்போது கட்டு. சில்லுக் கம்பியின் ஒரு நுனியைக் கூர்ந்து பாருங்கள். வளைந்து, முனையில் சிறு குமிழ் இருக்கும். சில்லின் குடத்தில் மாட்டிக்கொள்வதற்காக. மறு நுனியில் மரை. பாவைக்காகவே யாரோ செய்து வைத்ததுபோல் இருக்கிறது! பழைய செருப்பு வாரில் ஒரு சிறு துண்டு வெட்டி, பாவையின் மணிக்கட்டில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கும்படி ஒட்டித் தையுங்கள். வெளியே நிற்கும் பாதியில் ஊசி போட்டு ஒரு துளை. துளை கம்பியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். மரை முனையை முதலில் நுழைத்து, குமிழ் வந்து தடுக்கும்வரை இழுங்கள். வளைவு துளைக்குள் அச்சாணியாக உட்கார்ந்துவிடும். கம்பி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கை அதோடு திருகாது. மரை முனையை மரப்பிடியில் ஓரங்குலம் துளைத்துப் பசையிட்டு இறக்குங்கள்; மரை பசையைக் கவ்விப் பிடிக்கும்.

குடைக்கம்பியில் இதைவிட எளிது. துணியைத் தைப்பதற்காக அதன் நுனியில் ஒரு சிறு கண் இருக்கிறது. நூலை மெழுகுதிரியில் இழுத்து மெழுகேற்றி, அந்தக் கண்ணுக்குள் விட்டு மணிக்கட்டில் நாலைந்து தரம் தைத்துவிடலாம். தைக்கும்போது கம்பிக்கும் கைக்கும் இடையில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, பிறகு குச்சியை உருவிவிடுங்கள். அந்தக் குச்சியளவு தளர்வு இருந்தால் கட்டு சரி. முன்பு மனதில் வைக்கச் சொன்ன யாவாத் தளர்வு இதுதான். நிறுத்துவது கம்பியின் வேலை என்றேன். அதை நம்பிக் கட்டையும் இறுக்கிவிட்டால் நிற்கிற கை செத்த கையாகிவிடும். கம்பி அசையாமல் நிற்க, உள்ளங்கை மட்டும் ஒரு நூலளவு அசைந்துகொண்டிருக்க வேண்டும்.

சரிபார்க்க ஒரு வழி: கம்பியை நிமிர்த்திப் பிடியுங்கள், பிறகு கிடையாகச் சாயுங்கள். இரண்டிலும் உள்ளங்கை ஒரே பக்கம் பார்த்தால் கட்டு நன்று. கம்பியோடு சேர்ந்து உள்ளங்கையும் புரண்டால் அவிழ்த்துக் கட்டுங்கள்.

எந்த இடத்தில் கட்டுவது என்பது பாத்திரத்தைப் பொறுத்தது. உள்ளங்கையின் அடியில் கட்டினால் கை முந்திப் போகும். சுட்டும், கொடுக்கும், மறுக்கும். அரசனுக்கும் தூதனுக்கும் அது. மணிக்கட்டுக்கு மேலே, முன்கைப் பக்கமாகக் கட்டினால் கை பின்தங்கித் தொங்கி வரும்; கிழவிக்கும், துக்கம் சொல்ல வருபவருக்கும் அது. எங்கே கட்டினாலும் சின்னவிரல் பக்கமாகக் கட்டுங்கள். பெருவிரல் பக்கம் கட்டிய கம்பி நெஞ்சுக்குக் குறுக்கே வந்து உடுப்பில் சிக்கும். பட்டம் கட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிற எந்தப் பெடியனைக் கேட்டாலும், முச்சை கட்டுகிற இடம் கொஞ்சம் பிசகினால் பட்டம் என்ன செய்யும் என்று சொல்வான். அந்தக் கை உள்ளவன் பாவைக்கு வந்தால் எங்களுக்கு வேலையில்லை.

இரண்டு கம்பியும் பூட்டுகிறவர்கள் பிடிகளை ஒரே மாதிரிச் செய்யாதீர்கள். ஒன்றை உருண்டையாகவும் மற்றதைச் சதுரமாகவும் சீவுங்கள். ஒரு கை பாவையின் தலைக்குள் இருக்கும், மற்றக் கையில் இரண்டு கம்பி. திரைக்குப் பின்னால் இருட்டு. எது வலது, எது இடது என்று விரல்தான் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் ஜிம் ஹென்சனின் மப்பெட் பாவைகளும் இப்படித்தான்: ஒரு கை வாய்க்குள், மற்றக் கை கம்பியில். 1955-இல் அவர் செய்த முதல் கெர்மிட்டின் உடம்பு, தாயாரின் பழைய மேலங்கித் துணி. கண்கள், மேசைப்பந்தை இரண்டாக வெட்டியது. உலகப் புகழ் பெற்ற அந்தப் பாவையும் வீட்டில் கிடந்ததால் ஆனதுதான்.

கம்பியை மறைக்கலாமா என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். மினுக்கம் போக அரத்தாள் தேய்த்து, விளக்குப் புகைக்கரியைப் பசையில் குழைத்துப் பூசிவிடுங்கள். அதற்கு மேல் சட்டைக் கைக்குள் ஒளிப்பதற்கென்று மினைக்கெடாதீர்கள். கை சொல்வதைப் பார்க்கத் தொடங்கியவர்களுக்குச் சிறிது நேரத்தில் கம்பி கண்ணில் படாது. கை ஒன்றும் சொல்லாவிட்டால் அவர்கள் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு. வெட்டிய சில்லுக் கம்பி ஊசிக்குச் சமம். வெட்டு முனையை அரத்தால் ராவி, பிடிக்குள் முழுவதாக இறங்கியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்த பிறகே பிள்ளையின் கையில் கொடுங்கள். குடைக்கம்பியின் மடிந்த விளிம்பு விரலை வெட்டும். பிடிக்கு மேலே நாலங்குலத்துக்குச் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றைச் சுற்றிவிடுங்கள். ஆட்டம் சூடுபிடித்தால் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்பவர் ஞாபகம் இருக்காது. ஆகவே திரைக்குப் பின்னால் நிறுத்தும்போது ஆளுக்காள் ஒரு கம்பி நீளம் இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.